குழுக் குவில்ட்டுக்கு பேப்பர் பீசிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

30 பேர், ஆளுக்கு ஒரு பிளாக் (துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்த சதுரம்), எல்லாம் சேர்ந்தால் ஒரு குவில்ட் (ஒட்டுத்துணிப் போர்வை). எல்லோரும் தைக்கப் போவது சாடூத் ஸ்டார் என்னும் பழைய எட்டு முனை நட்சத்திரம். குவில்ட்டில் சேர்ந்தபின் தெரியும் அளவு 8 அங்குலம். உங்கள் கையில் இருக்கும்போது நான்கு பக்கமும் தையலுக்கு விடும் கால் அங்குல மார்ஜினோடு 8½ அங்குலம். பேப்பர் பீசிங்கைப் புதிதாகத் தொடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம். முழுக்க ஒருமுறை படித்துவிட்டுக் கத்தரியை எடுங்கள்.

பேப்பர் பீசிங்னா என்ன? பேப்பரையும் சேர்த்தா தைக்கிறது?

ஆமாம், பேப்பரோடு சேர்த்துத்தான் தைக்கிறோம். டிசைன் முழுவதும் கோடுகளாக ஒரு தாளில் அச்சாகியிருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் 1, 2, 3 என்று எண் இருக்கும். அந்த வரிசையில் துணியைத் தாளின் வெற்றுப் பக்கம் வைத்து, தாளின் அச்சுப் பக்கத்தில் தெரியும் கோட்டின் மேலேயே தைக்க வேண்டும். எல்லாத் துண்டும் சேர்ந்தபின் தாளைக் கிழித்து எடுத்துவிடுவோம். துணியில் தையல் மட்டும் மிஞ்சும்.

துணியை அளந்து வெட்டித் தைச்சாலே நட்சத்திரம் வந்துடுமே, பேப்பர் எதுக்கு?

ஒருவரே 30 பிளாக்கும் தைப்பதாக இருந்தால் வரும். அவர் கால் அங்குலம் கொஞ்சம் தள்ளிப் போனாலும் 30 பிளாக்கிலும் ஒரே மாதிரிதான் தள்ளிப் போகும், ஒன்றோடொன்று பொருந்திவிடும். 30 பேர் தைக்கும்போது அப்படி இல்லை. இந்த பிளாக்கின் மேல் வரிசையில் குறுக்கே நான்கு தையல் வருகிறது. மார்ஜினை அரை நூல் அதிகமாக எடுப்பவருக்கு ஒரு தையலுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு நூல் குறையும். நான்கு தையலில் குறைந்தது நான்கு நூல். 8½ வர வேண்டியது 8-க்கு இறங்கிவிடும். (தையற்கடைக் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல்; கால் அங்குலம் என்றால் இரண்டு நூல். கீழேயும் இதே கணக்குதான்.)

பேப்பரில் கோடு ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் ஓட்டினால் போதும், மார்ஜினைக் கண்ணால் மதிப்பிட வேண்டியதில்லை. இன்னொரு லாபம், குறுக்குவாட்டில் வெட்டிய துணி இழுபடாமல் தாள் பிடித்துக்கொள்ளும். நட்சத்திரத்தின் முனைகள் எல்லாமே அப்படிக் குறுக்கில் வெட்டியவை.

அறுகோணமா அட்டை வெட்டி, துணியைச் சுத்திக் கையால தைக்கிறதும் பேப்பர் பீசிங்தானே?

அது இங்கிலீஷ் பேப்பர் பீசிங், வேறு முறை. அதில் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி அட்டை. துணியின் ஓரத்தை அட்டையின் பின்னால் மடித்து நூலோட்டி, பிறகு விளிம்போடு விளிம்பு கையால் தைப்பார்கள். நாம் செய்வது ஃபவுண்டேஷன் பேப்பர் பீசிங். பல துண்டுகளுக்கு ஒரே தாள், மெஷின் தையல். வீடியோ தேடும்போது இந்தப் பெயரைப் போட்டுத் தேடுங்கள், இல்லாவிட்டால் அறுகோணமாகத்தான் வந்து விழும்.

என்னென்ன சாமான் வேணும்? எல்லாம் இறக்குமதிச் சாமானா இருக்குமோ?

தையல் மெஷின், 14 நம்பர் புது ஊசி, இஸ்திரிப் பெட்டி, கத்தரி, ஸ்டீல் ஸ்கேல், தையல் பிரிப்பான், குண்டூசி, பசைக்குச்சி, பழைய அழைப்பிதழ் அட்டை ஒன்று. இவை போதும். அழைப்பிதழ் அட்டை தாளை நேராக மடிக்க உதவும். உருளைக் கத்தியும் வெட்டுப் பாயும் இருந்தால் வேலை வேகமாகும், இல்லையென்று நிறுத்த வேண்டாம். கால் அங்குல விளிம்பு வைத்த தனி ஸ்கேல் கிடைக்கிறது; அது செய்யும் வேலையை, சாதாரண ஸ்கேலால் இரண்டு நூல் தள்ளிப் பென்சில் கோடு போட்டுக் கத்தரியால் வெட்டியும் செய்யலாம்.

துணி டேப்பால் மட்டும் அளக்காதீர்கள். வருடக்கணக்கில் கழுத்தில் தொங்கிய டேப் நீண்டிருக்கும். இந்தத் திட்டத்தில் எல்லா அளவும் ஸ்டீல் ஸ்கேலில்தான்.

என்கிட்ட இருக்கறது பழைய கால்மிதி மெஷின். அதுல வருமா?

தாராளமாக வரும். நமக்கு வேண்டியது நேர்த்தையல் மட்டும்தான், அதில் அந்த மெஷின்கள் மிகவும் நம்பகமானவை. செய்ய வேண்டியது ஒன்றுதான், தையலைப் பொடியாக்க வேண்டும். புது மெஷினில் தையல் நீளத்தை 1.5-இல் வையுங்கள். பழைய மெஷினில் நெம்புகோலை நகர்த்தி, ஒரு துண்டுத் தாளில் தைத்துப் பார்த்து, ஓர் அங்குலத்துக்கு 16 முதல் 18 தையல் வருகிறதா என்று எண்ணுங்கள்.

பொடித் தையலுக்கு இரண்டு காரணம். ஊசித் துளைகள் நெருக்கமாக இருந்தால் அஞ்சல்தலை ஓரம்போலத் தாள் சுலபமாகக் கிழியும். கிழிக்கும் இழுப்பில் தையலும் தளராது. அதற்காக இதைவிடவும் பொடியாக்க வேண்டாம்; தைக்கும்போதே தாள் அறுந்துவிடும், தவறு வந்தால் பிரிக்கவும் முடியாது. காகிதம் ஊசியைச் சீக்கிரம் மழுங்கடிக்கும் என்பதால், இந்த பிளாக் முடிந்ததும் ஊசியை மாற்றிவிட்டு ஜாக்கெட் தையுங்கள்.

பேட்டர்னை ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்தேன். அளவு சரியான்னு எப்படித் தெரியும்?

ஒவ்வொரு தாளிலும் 6 அங்குலச் சோதனைக் கோடு ஒன்று இருக்கிறது. வெட்டுவதற்கு முன் அதை ஸ்டீல் ஸ்கேலில் அளங்கள். பல பேட்டர்ன்களில் 1 அங்குலச் சதுரம் மட்டும் கொடுத்திருப்பார்கள். பிரிண்டர் 3 சதவீதம் சுருக்கியிருந்தால் ஓர் அங்குலத்தில் அது முடியளவு, கண்ணுக்கே தெரியாது. 6 அங்குலத்தில் ஒன்றரை நூல் குறையும், பார்த்ததும் பிடிபடும்.

கடையில் கொடுக்கும்போது “ஆக்சுவல் சைஸ், 100 பர்சன்ட்” என்று சொல்லுங்கள். “ஃபிட் டு பேஜ்” இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். 96 சதவீதத்தில் அச்சானால் 8½ அங்குல பிளாக் ஏறக்குறைய 8⅛ ஆகிவிடும்; எவ்வளவு அழகாகத் தைத்தாலும் அதைக் குவில்ட்டில் சேர்க்க முடியாது. ஒரு பிரிண்ட்டை வைத்து ஜெராக்ஸ் எடுப்பதும் வேண்டாம், நகல் எடுக்கும்போது அளவு சற்று மாறக்கூடும். ஒவ்வொரு பிரதியையும் பிடிஎஃப் கோப்பிலிருந்தே எடுங்கள்.

ஒரு பிளாக்குக்கு ரெண்டு தாள் வருதே, ஒண்ணுல அடக்க முடியாதா?

முடியாது. ஏ4 தாளின் அகலம் 8¼ அங்குலத்தைவிடத் துளிதான் அதிகம், நம் பிளாக் 8½. அதனால் பிளாக்கை ஏ, பி, சி, டி என்று நான்கு பகுதியாகப் பிரித்து (ஏன் நான்கு என்பது கீழே வரும்), அவற்றை நீளவாட்டில் போட்டு, ஏ, டி இரண்டும் ஒரு தாளில், பி, சி இரண்டும் இன்னொரு தாளில் அமைத்திருக்கிறோம். ஒரே தாளில் கச்சிதமாக வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், அது சுருங்கி அச்சான பிரதி. மேலே சொன்ன சோதனைக் கோட்டை அளக்கச் சொல்லுங்கள்.

எந்த மாதிரி பேப்பர் நல்லது?

கடைகளில் ஓடும் சாதாரண 70 அல்லது 75 ஜிஎஸ்எம் தாளே போதும். அச்சாகாத நியூஸ்பிரிண்ட் தாள் இன்னும் சுலபமாகக் கிழியும், ஆனால் சில பிரிண்டர்களில் சிக்கிக்கொள்ளும். படித்த செய்தித்தாள் கூடாது, மை துணியில் ஏறும். கெட்டித் தாளில் தைத்தால் கிழிக்கும்போது தையலே விட்டுப்போகும்.

லேசர் பிரிண்ட்டின் கருப்புப் பொடி சூட்டில் உருகி இஸ்திரிப் பெட்டியில் ஒட்டும், இங்க்ஜெட் மை ஈரம் பட்டால் கசியும். எனவே எப்போதும் துணிப் பக்கமாகத்தான் இஸ்திரி. தண்ணீர் தெளிக்க வேண்டாம், நீராவியும் வேண்டாம். ஈரம் பட்ட தாள் சுருங்கி அளவே மாறிவிடும். மேசையில் ஒரு பழைய வேட்டித் துணியை விரித்துக்கொள்ளுங்கள்.

என்ன துணி எடுக்கலாம்? அம்மாவோட பழைய பட்டுப்புடவை இருக்கு, அதை வெட்டிப் போடலாமா?

சுத்தமான பருத்தி, நெருக்கமான நெசவு. கேம்பிரிக், பாப்ளின் இரண்டும் பொருத்தம். பாலியஸ்டர் கலந்தது மடிப்பு நிற்காமல் எழும்பும், ஒவ்வொரு துண்டையும் மடித்து அழுத்தும் இந்த வேலைக்கு அது ஒத்துவராது. கைத்தறி மென்மையாக இருந்தால் மெல்லிய கஞ்சி போட்டு, உலர்த்தி, இஸ்திரி போட்டபின் வெட்டுங்கள்.

புடவையைப் போடலாம், ஆனால் நடுச்சதுரத்துக்கு மட்டும். அங்கே ஒரே துண்டு, முனை எதுவும் இல்லை. முதலில் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மடிப்பு விழுந்த இடங்களில் இழை விட்டிருந்தால் அந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். பிறகு இரண்டு கையாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். நரநரவென்று சத்தம் கேட்டால் அந்தப் பட்டு தையலைத் தாங்காது. தாங்கும் துணி என்றால் பின்னால் மெல்லிய ஃபியூசிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் உள்துணி) ஒட்டிவிட்டு வெட்டுங்கள். ஜரிகை வரும் பகுதி வேண்டாம். பட்டு வைக்கிறீர்கள் என்றால் ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு பிளாக்கில் பட்டு இருந்தாலும் முழுக் குவில்ட்டையும் அதற்கேற்பத்தான் துவைக்க வேண்டியிருக்கும்.

புதுத் துணியை நனைச்சுத்தான் ஆகணுமா?

ஆம். இது 30 பேருக்கும் பொது விதி. சிலர் நனைத்து, சிலர் நனைக்காமல் தைத்தால், குவில்ட்டின் முதல் துவைப்பில் சில பிளாக் மட்டும் சுருங்கி, சுற்றியுள்ள துணியை இழுத்துப் பிடிக்கும். வெட்டுவதற்கு முன் ஓர் இரவு நனைத்து, நிழலில் உலர்த்துங்கள்.

சிவப்பு, மெரூன், கருநீலம் இவற்றுக்கு ஒரு சோதனை அவசியம். ஈரத் துணியை வெள்ளைத் துணியில் வைத்து அழுத்தி இஸ்திரி போடுங்கள். கறை தெரிந்தால் மறுபடி அலசுங்கள். மூன்று தடவைக்கும் மேல் சாயம் போனால் அந்தத் துணி இந்த வேலைக்கு வேண்டாம். உங்கள் சாயம் பக்கத்தில் இருப்பவரின் வெள்ளையில்தான் போய் இறங்கும்.

ஒவ்வொரு துண்டும் என்ன அளவுல வெட்டணும்?

பின்னணித் துணி உங்களுக்கு வெட்டியே வந்துவிடும்: 6¼ அங்குலச் சதுரம் ஒன்று, 3 அங்குலச் சதுரம் நான்கு. பெரிய சதுரத்தை இரண்டு மூலைவிட்டங்களிலும் வெட்டினால் நான்கு முக்கோணம். சிறிய சதுரங்கள் நான்கும் மூலைகளுக்கு.

உங்கள் துணியில் நீங்கள் வெட்ட வேண்டியது 3½ அங்குலச் சதுரம் நான்கு, 5 அங்குலச் சதுரம் ஒன்று. 3½ சதுரங்களை ஒரு மூலைவிட்டத்தில் வெட்டினால் எட்டு முக்கோணம். அவைதான் நட்சத்திரத்தின் எட்டு முனைகள். 5 அங்குலம் நடுவுக்கு. 19 அங்குல நீளமும் 5 அங்குல அகலமும் உள்ள ஒரு துண்டில் எல்லாம் அடங்கிவிடும், ரவிக்கைத் துணியில் மிஞ்சியதே போதும். இந்த அளவுகளில் அரை அங்குலத்துக்கும் மேல் தாராளம் இருக்கிறது (மூலை, நடுச் சதுரங்களில் மட்டும் அரை அங்குலம்). மிச்சம் பிடிக்கிறேன் என்று குறைக்காதீர்கள், முதல் முறை தைப்பவருக்கு அந்தத் தாராளம் வேண்டும்.

சதுரம் எல்லாமே கரைக்கு இணையாக, நேர்நூலில் இருக்கட்டும். அப்படி வெட்டி, மேலே சொன்ன விதத்தில் மூலைவிட்டத்தில் பிளந்தால், பிளாக்கின் வெளிவிளிம்பு முழுவதும் நேர்நூலாகவே அமையும். இது ஏன் முக்கியம் என்பது தாளைக் கிழிக்கும் கேள்வியில் வரும்.

எந்தப் பக்கம் மேல, எந்தப் பக்கம் கீழ? எனக்கு இதுலதான் தலையே சுத்துது.

எல்லோருக்கும் இங்கேதான் குழம்புகிறது. இரண்டு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். துணி எப்போதும் தாளின் வெற்றுப் பக்கம். தைக்கும்போது அச்சுப் பக்கம் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், துணி அடியில் இருக்கும்.

ஏ பகுதியை எடுத்துக்கொள்வோம். தாளைக் கவிழ்த்து, 1 எழுதிய இடத்துக்குப் பின்னால் பசைக்குச்சியால் ஒரு சொட்டு தடவி, பின்னணி முக்கோணத்தை நல்ல பக்கம் உங்களைப் பார்க்க ஒட்டுங்கள். நீளமான விளிம்பு பிளாக்கின் வெளிப்பக்கம் இருக்கட்டும். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். 1-இன் எல்லாக் கோட்டையும் தாண்டிக் கால் அங்குலமாவது துணி இருக்க வேண்டும். இப்போது 1-க்கும் 2-க்கும் நடுவில் உள்ள கோட்டில் அட்டையை வைத்துத் தாளை மட்டும் பின்னுக்கு மடியுங்கள். மடிப்புக்கு வெளியே நீட்டும் துணியை இரண்டு நூல் விட்டு வெட்டுங்கள். வெட்டிய அந்த விளிம்புதான் அடுத்த துண்டை வைக்கும் இடம்.

தாளை விரித்துவிட்டு, 2-ஆம் துண்டின் நீள விளிம்பை அந்த விளிம்போடு சேர்த்து, நல்ல பக்கமும் நல்ல பக்கமும் முகம் பார்க்க வையுங்கள். குண்டூசி குத்தி, மொத்தமாகத் திருப்பி, அச்சுப் பக்கம் மேலிருக்கக் கோட்டின் மேல் தையுங்கள். 2-ஐ விரித்து, நகத்தால் கீறி, பிறகு துணிப் பக்கம் சூடான இஸ்திரி. 3, 4, 5-க்கும் இதே சுற்றுதான்: மடி, வெட்டு, வை, தை, விரி, அழுத்து.

கோடு முடியற இடத்துல நிறுத்தணுமா? ரிவர்ஸ் தையல் போடணுமா?

கோடு தொடங்குவதற்குக் கால் அங்குலம் முன்பே தொடங்கி, முடிந்தபின் கால் அங்குலம் தாண்டி நிறுத்துங்கள். அடுத்த தையல் இதன் குறுக்கே ஓடி நுனியைப் பூட்டிவிடும், ரிவர்ஸ் வேண்டாம். ரிவர்ஸ் போட்டால் அந்த இடத்தில் தாள் கந்தலாகும், துணியும் தடிக்கும்.

தைச்சு விரிச்சா துணி அந்த இடத்தை முழுக்க மூடலை. எங்க தப்பு?

பேப்பர் பீசிங்கில் இதைவிட அதிகமாக நடக்கும் தவறு இல்லை. துண்டை வைக்கும்போது அது கவிழ்ந்து கிடக்கிறது. விரிந்தபின் எந்தத் திசையில் போய் உட்காரும் என்பதை மனம் தவறாகக் கணிக்கிறது. முக்கோணத்தை மேலோ கீழோ ஓர் அங்குலம் தள்ளி வைத்தால் ஒரு மூலை வெறுமையாக நின்றுவிடும்.

தைப்பதற்கு முன் சோதித்துவிடுங்கள். தைக்கப் போகும் கோட்டின் மேலேயே இரண்டு குண்டூசி குத்தி, துண்டை விரித்து, வெளிச்சத்தில் பாருங்கள். 2-ஆம் இடத்தையும் அதைச் சுற்றிக் கால் அங்குலத்தையும் மூடுகிறதா? மூடினால் தையுங்கள். அரை நிமிட வேலை இது. விட்டுவிட்டால் பதினைந்து நிமிடம் பிரிக்க வேண்டியிருக்கும்.

பிரிக்கும்போது பேப்பர் கிழிஞ்சு போச்சே!

பொடித் தையல் என்பதால் துளைகள் நெருங்கியிருக்கும், கிழிவது சகஜம். தாளைப் பிடித்து இழுக்காமல், துணிப் பக்கம் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக அறுத்து, மறுபக்க நூலை உருவுங்கள். கிழிந்த இடத்தில் ஒரு கீற்றுத் தாளைப் பசைக்குச்சியால் ஒட்டி, கோட்டை மறுபடி வரைந்துகொள்ளலாம். செல்லோடேப் ஒட்டாதீர்கள், இஸ்திரிச் சூட்டில் உருகும். ஒரே கோட்டை இரண்டாவது முறையும் பிரிக்க நேர்ந்தால் புதுத் தாள் எடுத்துக்கொள்வது நல்லது.

ஏ, பி, சி, டின்னு ஏன் நாலாப் பிரிச்சிருக்கு? ஒரே தாளில தைக்கக் கூடாதா?

இந்த முறையில் ஒவ்வொரு புதுத் துண்டும், ஏற்கெனவே தைத்தவற்றின் விளிம்பு முழுவதற்கும் ஒரே நேர்க்கோட்டில் சேர வேண்டும். நடு வரிசையில் இடது முக்கோணம், அதன் இரு முனைகள், நடுச்சதுரம் வரை அப்படிச் சேரும். அது பி பகுதி, நான்கு துண்டு. அதற்கப்பால் வலது பக்கம் இரண்டு சாய்கோடுகள் சதுரத்தின் விளிம்பில் வந்து கூடுகின்றன, நேர்க்கோடு இல்லை. ஆகவே அந்த மூன்று துண்டை சி என்று தனியாகத் தைத்து, பிறகு சேர்க்கிறோம். மேல் வரிசை ஏ, கீழ் வரிசை டி, இரண்டிலும் ஐந்தைந்து. மொத்தம் 17 துண்டு.

நாலு பகுதியையும் சேர்க்கும்போது முனை பொருந்தவே மாட்டேங்குது.

முதலில் ஒவ்வொரு பகுதியையும் வெளிக்கோட்டில் ஸ்கேல் வைத்துச் சீராக வெட்டுங்கள். வெட்டுவது விட்டுவிட்டு வரும் வெளிக்கோட்டில். உள்ளே உள்ள முழுக்கோடு தையலுக்கு. இரண்டும் மாறிப் போனால் முனைகள் துண்டாகிவிடும்.

பி-யும் சி-யும் முதலில். நல்ல பக்கங்கள் முகம் பார்க்க வைத்து, தையல் கோட்டின் இரு முனையிலும் குண்டூசியைச் செங்குத்தாகக் குத்துங்கள். மேல் தாளில் கோட்டின் முனையில் இறங்கிய ஊசி, அடித்தாளிலும் கோட்டின் முனையில்தான் வெளிவர வேண்டும். வந்தபின் பக்கத்தில் வேறு ஊசிகளால் பிடித்துவிட்டுத் தையுங்கள். மார்ஜினில் உள்ள தாளை மட்டும் உரித்து, தையலை நடுச்சதுரத்தின் பக்கம் சாய்த்து இஸ்திரி போடுங்கள். ஏ-யிலும் டி-யிலும் மூலைத் தையல் தானாகவே மூலையின் பக்கம் சாய்ந்திருக்கும். இங்கே நடுவின் பக்கம் சாய்த்தால் வரிசைகளைச் சேர்க்கும்போது இரண்டும் எதிரெதிராக வந்து ஒன்றுக்கொன்று பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே பொருந்தியது தெரியும். இப்படிப் பொருந்த வேண்டிய இடங்கள் நடுச்சதுரத்தின் நான்கு மூலைகள். பிறகு மேலே ஏ, கீழே டி.

அப்படியும் கூர்முனை மழுங்கினால், அடுத்த தடவை கோட்டிலிருந்து நூலிழையளவு வெளியே, மார்ஜின் பக்கம் தள்ளித் தையுங்கள். மடிப்பின் தடிமன் தின்னும் துணி அதில் ஈடாகிவிடும்.

வெள்ளைத் துணிக்கு அடியில இருக்கற சிவப்பு மார்ஜின் வெளியில தெரியுது.

தையல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை எண் வரிசையே முடிவு செய்துவிடுகிறது, நம்மால் மாற்ற முடியாது. அடர்நிறத் துணி வெளிர்துணிக்கு அடியில் வருகிற இடத்தில், அடர்நிற மார்ஜினை மட்டும் வெளிர்துணியின் மார்ஜினைவிட அரை நூல் குறைவாக நறுக்குங்கள். வெளிர்துணி அதை மூடிவிடும்.

பேட்டர்ன்ல இடப்பக்கம் இருக்கறது தைச்சதும் வலப்பக்கம் வருதே?

துணி தாளுக்குப் பின்னால் இருப்பதால் கண்ணாடிப் பிம்பம்போல மாறித்தான் வரும். சாடூத் ஸ்டார் இரு பக்கமும் ஒரே மாதிரி என்பதால் இங்கே கவலையில்லை. குழுவுக்கு இதைத் தேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எழுத்து, பறவை, வீடு போன்ற டிசைன்களுக்குப் பேட்டர்னைத் திருப்பி அச்சிட வேண்டும். கோடுபோட்ட துணியும் ஒரே திசையில் பூ நிற்கும் துணியும் இங்கே வேண்டாம். எட்டு முனையிலும் திசை மாறி மாறி வந்து நட்சத்திரம் கலைந்ததுபோல் தெரியும்.

எல்லாம் முடிச்சு அளந்தா 8¼ தான் இருக்கு. இழுத்து இஸ்திரி போட்டா சரியாகுமா?

வேண்டாம். இழுத்த துணி முதல் துவைப்பில் பழைய அளவுக்கே திரும்பிவிடும். காரணத்தைத் தேடுங்கள். மிச்சமுள்ள தாளில் சோதனைக் கோட்டை அளங்கள். அது 6 அங்குலத்துக்குக் குறைந்தால் அச்சுத் தவறு. அந்த பிளாக்கைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு புதிதாகத் தையுங்கள். கோடு சரியாக இருந்தால், பகுதிகளைச் சேர்த்த மூன்று தையல்களில் ஒன்று கோட்டை விட்டு உள்ளே வந்திருக்கும், அல்லது அங்கே துணி முழுதாக விரியாமல் மடிப்பு நின்றிருக்கும். அந்த ஒன்றைப் பிரித்தால் போதும்.

8⅜ இருந்தால் அப்படியே அனுப்பலாம். ஒரு நூல் வித்தியாசத்தைச் சுற்றிவரும் பட்டியைத் தைக்கும்போது சமாளித்துவிடலாம். பெரிதாக வந்தால் நீங்களாக வெட்டிக் குறைக்காதீர்கள். இந்த நட்சத்திரத்தின் முனைகள் விளிம்புக்குக் கால் அங்குலம் உள்ளேதான் நிற்கின்றன.

பேப்பரை எப்போ கிழிக்கணும்? நாங்க கிழிக்கணுமா, குவில்ட்டைச் சேர்க்கிறவங்களா?

பக்கத்து பிளாக்கோடு சேரும்வரை தாள் இருக்கட்டும் என்றுதான் பலரும் கற்பிப்பார்கள். விளிம்பில் குறுக்குநூல் வரும் டிசைன்களுக்கு அது சரி, தாளை எடுத்தால் விளிம்பு இழுபட்டுவிடும். நம் பிளாக்கில், வெட்டும் கேள்வியில் சொன்னபடி செய்திருந்தால், விளிம்பு முழுவதும் நேர்நூல். அதனால் நீங்களே கிழித்து அனுப்புங்கள். 30 பிளாக்கின் தாளையும் ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. துணுக்குத் தாள்களை எடுக்கவே அவருக்குப் பல நாட்கள் போய்விடும்.

கிழிப்பதற்கு முன் விளிம்பிலிருந்து ஒரு நூல் உள்ளே சுற்றிலும் சாதாரணத் தையல் ஒன்று ஓட்டுங்கள். பிறகு கடைசியாகச் சேர்த்த துண்டிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். தையலின் மேல் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு, தாளைத் தையல் வாக்கில் மடித்து உரியுங்கள். மூலையில் சிக்கிய துணுக்குகளைக் குண்டூசி நுனியால் நெம்பி எடுக்கலாம். தண்ணீர் தொட்டு எடுக்க வேண்டாம், மை கசியும்.

பிளாக்ல பெயர் எழுதலாமா?

எழுதுங்கள். 1840-களில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் நண்பர்களும் உறவினர்களும் பெயர் எழுதிக் கொடுத்த பிளாக்குகளைச் சேர்த்துக் குவில்ட் செய்யும் வழக்கம் பரவியது. குழுக் குவில்ட்டுக்கு அது நல்ல மரபு. நடுச்சதுரத்தில், தையலிலிருந்து அரை அங்குலம் தள்ளி, துணிக்கான நிரந்தர மைப் பேனாவால் எழுதுங்கள். தாள் பின்னால் இருக்கும்போதே எழுதிவிட்டால் துணி நழுவாது. பிறகு மேலே ஒரு துணி போட்டு இஸ்திரி. சூட்டில் மறையும் பேனாவை எதற்கும் தொடாதீர்கள். மறைந்த கோடு குளிரில் திரும்ப வரக்கூடும்.

மெஷினே இல்லை. கையால தைச்சு அனுப்பலாமா?

தாராளமாக. அதே தாள், அதே வரிசை. கோட்டின் மேல் பொடியாகப் பின்தையல் போடுங்கள். ஓட்டுத்தையல் மட்டும் போட்டால் தாளைக் கிழிக்கும்போது சுருங்கி இழுக்கும். நேரம் மூன்று மடங்கு ஆகும், அளவு துளியும் மாறாது.

ஒருங்கிணைக்கிறவங்க எவ்வளவு துணி வாங்கணும்?

44 அங்குல அகலத் துணியில் பின்னணிக்குக் கணக்கு இது. 6¼ சதுரம் 30 வேண்டும், வரிசைக்கு 6 வைத்தால் 5 வரிசை, 31¼ அங்குலம். 3 அங்குலச் சதுரம் 120 வேண்டும், வரிசைக்கு 14 வைத்தால் 9 வரிசை, 27 அங்குலம். கூட்டினால் ஒன்றரை மீட்டர். சுருக்கத்துக்கும் தவறுக்கும் சேர்த்து 2 மீட்டர் வாங்குங்கள், ஒரே ரோலிலிருந்து. ஒரே வெள்ளை என்று நினைத்து இரண்டு கடையில் வாங்கினால் பக்கத்தில் வைத்ததும் பேதம் தெரியும்.

குறுக்கே 5, நெடுக்கே 6 பிளாக் வைத்து, இடையிலும் சுற்றிலும் 2 அங்குலப் பட்டி கொடுத்தால் மேல்பாகம் 52க்கு 62 அங்குலம் வரும். பட்டிக்கு 2½ அங்குல அகலத்தில் 17 நீளத்துண்டு வேண்டும், 1¼ மீட்டர் வாங்கினால் போதும். ஆளுக்கொரு பயிற்சித் தாள் கூடுதலாக அனுப்புங்கள். சி பகுதியை மட்டும் கழிவுத்துணியில் ஒருமுறை தைத்தவர்களின் கை உண்மையான பிளாக்கில் தடுமாறுவதில்லை.

முடிச்சாச்சு, எப்படி அனுப்பறது?

மடிக்காமல், இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, முதலில் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிறகு தபால் உறையில். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறையின் வாயை ஒட்டிவிடுங்கள். மிஞ்சிய நட்சத்திரத் துணியில் ஒரு சாண் அளவு இருந்தால் கூடவே வையுங்கள். ஏதாவது ஒரு முனையைச் சரிசெய்ய வேண்டிவந்தால் அதே துணி அங்கே கையில் இருக்கும்.